பதின்மூன்று சாவும் ஒரு கையெழுத்தும்

1981 ஜனவரி 17, சனிக்கிழமை இரவு. தெற்கு லண்டனில் நியூ கிராஸ் சாலை, 439ஆம் எண் வீடு. பதினாறு வயதுப் பெண்ணின் பிறந்தநாள் விருந்து. ஞாயிறு விடிவதற்குள் வீடு பற்றி எரிந்தது. 13 கறுப்பின இளைஞர்கள் செத்தார்கள். எல்லோருக்கும் 14 முதல் 22 வயதுக்குள்தான். தப்பிய ஒருவர் இரண்டு ஆண்டு கழித்து இறந்தார். அவரையும் சேர்த்து 14 என்று கணக்குச் சொல்வோரும் உண்டு.

ஏன் வீட்டில் விருந்து? கரீபியன் தீவுகளிலிருந்து 1948 முதல் பிரிட்டனுக்குப் பிழைக்கப் போன மக்களைப் பல மதுக்கூடங்களும் நடன அரங்குகளும் உள்ளே விடவில்லை. 1965இல்தான் அதைத் தடுக்கும் முதல் சட்டமே வந்தது. டீக்கடையில் தனிக்குவளை பார்த்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அதனால் வீட்டுக் கூடமே அவர்களுக்கு மன்றம் ஆனது. பெரிய ஸ்பீக்கர் பெட்டிகள், ஆட்டுக்கறி, ரம். செலவுக்கு வாசலில் சில்லறை வசூல். சத்தம் என்று பக்கத்து வீட்டார் புகார் செய்வார்கள், உரிமம் இல்லாமல் மது விற்றதாக போலீஸ் நுழையும். கொண்டாடுவதே குற்றம் என்றாகிவிட்டிருந்தது.

நியூ கிராஸ் பகுதியில் வெள்ளை இனவெறிக் கும்பல்களின் தாக்குதல்கள் ஏற்கெனவே நடந்திருந்தன. அதனால் தீக்குண்டு வீச்சு என்றே மக்கள் நம்பினார்கள். போலீசும் முதலில் அப்படித்தான் பேசியது. பிறகு பார்வை உள்ளே திரும்பியது: விருந்தில் சண்டை நடந்ததாம், வந்தவர்களில் ஒருவர்தான் வைத்தாராம். நண்பர்களைப் பறிகொடுத்த பிள்ளைகள் மணிக்கணக்கில் விசாரிக்கப்பட்டார்கள். சண்டை நடந்ததாக எழுதிய வாக்குமூலங்களில் கையெழுத்து வாங்கப்பட்டது. ஏப்ரலில் மரண விசாரணை தொடங்கியபோது அவர்களில் பலர் கூண்டில் நின்று, அது உண்மையல்ல, நெருக்கியதால் போட்ட கையெழுத்து என்றார்கள். தீர்ப்பு: காரணம் முடிவு செய்யப்படவில்லை.

இங்கேதான் ஜான் லா ரோஸ் தலைமையிலான நடவடிக்கைக் குழுவைக் கவனிக்க வேண்டும். தீ விபத்து நடந்த ஒரு வாரத்தில் ஆயிரம் பேருக்கு மேல் கூடிய கூட்டத்தில் அது வேலையில் இறங்கிவிட்டது. ஊர்வலத்தை மட்டும் யோசிக்கவில்லை. தானே உண்மை அறியும் குழு அமைத்து, உயிர் தப்பியவர்களின் வாக்குமூலங்களைத் திரட்டியது. குடும்பங்களுக்கு வழக்கறிஞர்களை ஏற்பாடு செய்தது. போலீஸ் எழுதியது மட்டுமே ஆவணமாகிவிடக் கூடாது என்ற தெளிவு அது. ஊர்வலத்தின் படம் பரவிய அளவுக்கு இந்தக் காகித வேலை பேசப்படவில்லை என்பது என் வருத்தம்.

பிப்ரவரியில் டப்ளின் நடன அரங்கத் தீயில் 48 பேர் இறந்தபோது லண்டனிலிருந்து இரங்கல் உடனே போனது. நியூ கிராஸ் பெற்றோருக்கு அப்படி ஒரு வரியும் வரவில்லை. மார்ச் 2, திங்கட்கிழமை. வேலைநாள் என்று தெரிந்தேதான் தேர்ந்தெடுத்தார்கள். சுமார் 20,000 பேர் நடந்தார்கள். பிளாக்ஃப்ரையர்ஸ் பாலத்தில் போலீஸ் மறித்தும் ஊர்வலம் நிற்கவில்லை.

சட்டத்துக்கு வருவோம். அதே லூயிஷம் வட்டாரத்தில் 1972இல் ஒரு கொலை வழக்கில் மூன்று சிறுவர்களிடம் பொய் ஒப்புதல் வாங்கித் தண்டித்தார்கள். 1975இல் தண்டனை ரத்தானது. அந்த அவமானத்திலிருந்து பிறந்த விசாரணை ஆணையத்தின் வழியாக 1984இல் காவல் விசாரணைச் சட்டம் வந்தது. வழக்கறிஞரைக் கேட்கும் உரிமை, சிறார் விசாரணையில் பொறுப்பான பெரியவர் ஒருவர் உடனிருப்பது, விசாரணையை ஒலிப்பதிவு செய்வது எல்லாம் விதியாயின. நியூ கிராஸ் பிள்ளைகளுக்கு மூன்றாண்டு தாமதம்.

நம் ஊரில் புலன்விசாரணையில் சாட்சி சொல்வதைப் போலீஸ் எழுதிக்கொள்ளலாம். அதில் கையெழுத்து வாங்கக் கூடாது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 162, இப்போதைய சட்டத்தில் 181. பெண்களையும் 15 வயதுக்குட்பட்ட சிறுவர்களையும் சாட்சி விசாரணைக்காக வீட்டைவிட்டு வரச் சொல்லவும் முடியாது. விடுதி அறையிலோ வாடகை வீட்டிலோ நாலு பேர் கூடிப் பிறந்தநாள் கொண்டாடும் தோழர்கள், கேக் வாங்கும்போதே ஒரு வழக்கறிஞரின் எண்ணையும் வாசலில் நின்று பேசப்போகும் ஒருவரையும் முடிவு செய்துகொள்ளுங்கள்.

2004இல் இரண்டாவது மரண விசாரணை நடந்தது. தீ வேண்டுமென்றே வைக்கப்பட்டிருக்கலாம், ஆனால் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் அதிகாரி. மீண்டும் அதே திறந்த தீர்ப்பு. இன்றுவரை யார் மீதும் வழக்கு இல்லை.