பண்ருட்டியும் 2020 பொதுமுடக்கமும்

கடலூர் மாவட்டத்தில் கெடிலம் ஆற்றையொட்டி அமைந்த பண்ருட்டி, பலாப்பழத்துக்கும் முந்திரிக்கும் பெயர்பெற்ற நகரம். சென்னையிலிருந்து கும்பகோணம் செல்லும் சாலையும் விழுப்புரம் - மயிலாடுதுறை ரயில்பாதையும் இதன் வழியே செல்கின்றன. இவ்வூர் மக்களின் வணிகம், வேலை, படிப்பு, மருத்துவம் எல்லாம் போக்குவரத்தை நம்பியவை. 2020 மார்ச்சில் அந்தப் போக்குவரத்து ஒரே வாரத்தில் நின்றது.

தமிழ்நாட்டின் முதல் கொரோனா தொற்று மார்ச் 7 அன்று உறுதியானது. மார்ச் 22 மக்கள் ஊரடங்கு நாளோடு பயணிகள் ரயில்கள் நின்றன. மார்ச் 24 மாலை 6 மணிக்கு மாநிலத்தில் 144 தடையுத்தரவு வந்தது. நள்ளிரவில் நாடு தழுவிய 21 நாள் பொதுமுடக்கம் தொடங்கியது. தடை அறிவிக்கப்பட்ட 23ஆம் தேதி இரவு, சென்னை கோயம்பேடு பேருந்து நிலையத்தில் ஊர் திரும்புவோர் கூட்டம் நிரம்பி வழிந்தது. அன்று பேருந்தில் இடம் பிடித்தவர்கள் வீடு வந்து சேர்ந்தனர். மற்றவர்கள் இருந்த இடத்திலேயே தங்கினர்.

அப்போது ரயிலில் 120 நாட்களுக்கு முன்பே பதிவு செய்ய முடிந்ததால், கோடை விடுமுறைக்கான பயணச்சீட்டுகளைப் பலர் பொங்கலுக்கு முன்னரே எடுத்திருந்தனர். மார்ச் 31 வரை என்ற ரத்து ஏப்ரல் 14 ஆனது, பிறகு மே 3 ஆனது. கடைசியில் ஜூன் 30 வரையிலான வழக்கமான பதிவுகள் அனைத்தும் நீக்கப்பட்டுக் கட்டணம் முழுமையாகத் திருப்பித் தரப்பட்டது. மாவட்டம் தாண்ட இ-பாஸ் தேவைப்பட்டது. திருமணம், நெருங்கிய உறவினரின் இறப்பு, அவசர மருத்துவம் ஆகிய காரணங்களுக்கே முதலில் அது கிடைத்தது. மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்திருந்த குடும்பங்கள் வீட்டு வாசலிலேயே சிலர் முன்னிலையில் தாலி கட்டி முடித்தன. கடலூருக்கு அருகிலுள்ள புதுச்சேரிகூட வேறு ஆட்சிப்பகுதி என்பதால் எல்லை கடந்த ஊராயிற்று.

பலாவுக்கு இந்த நாட்காட்டி பொருந்தவில்லை. பங்குனி, சித்திரையில் காய் முற்றத் தொடங்கும். முந்திரிக்கொட்டையை உலர்த்தி இருப்பு வைக்கலாம். பழுத்த பலாவோ சில நாட்களில் கெட்டுவிடும். மரங்களை முன்கூட்டியே குத்தகைக்கு எடுத்த வியாபாரிகளுக்குச் சரக்கை அனுப்பியே தீர வேண்டியிருந்தது. காய்கனி ஏற்றிய லாரிகளுக்கு மட்டும் தடையில்லை.

அந்த லாரிகள் சென்றடைந்த கோயம்பேடு சந்தையும் அத்தியாவசியப் பணி என்பதால் இயங்கியது. கடலூர் மாவட்டத்தைச் சேர்ந்த சுமைதூக்குவோரும் சிறு வியாபாரிகளும் அங்கேயே உழைத்துக்கொண்டிருந்தனர். சென்னையில் ஏப்ரல் 26 முதல் 29 வரை முழு முடக்கம் என்ற அறிவிப்பு 24ஆம் தேதி வந்தது. மறுநாள் சந்தையில் பெருங்கூட்டம் திரண்டது. கூட்டத்தைத் தவிர்க்க வந்த அறிவிப்பு கூட்டத்தைக் கூட்டியதுதான் அதன் முரண். அடுத்த நாட்களில் சந்தையில் தொற்று பரவியது வெளிப்பட, தொழிலாளர்கள் ஊர் திரும்பினர். பேருந்தும் ரயிலும் இல்லாத நிலையில் காய்கறி லாரிகளும் இருசக்கர வாகனங்களுமே அவர்களுக்கு வழி. பயணத்தை நிறுத்தியதால் பயணம் நிற்கவில்லை. கணக்கில் வராத பயணமாக அது மாறியது.

மே 4 அன்று மாநிலத்தில் பதிவான 527 புதிய தொற்றுகளில் 122 கடலூர் மாவட்டத்தைச் சேர்ந்தவை. சென்னைக்கு அடுத்த பெரிய எண்ணிக்கை அதுதான். மறுநாள் கோயம்பேடு சந்தை மூடப்பட்டு, பின்னர் திருமழிசையில் தற்காலிகச் சந்தை அமைந்தது. சந்தையிலிருந்து வந்தவர்களைத் தேடிக் கண்டறிந்து, பள்ளி, கல்லூரிக் கட்டடங்களில் தனிமைப்படுத்திப் பரிசோதித்தனர். சிதம்பரம் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் நோயாளிகளுக்குச் சிகிச்சை அளிக்கப்பட்டது. தெருமுனைகளில் முள்ளும் கழியும் போட்டு வழி அடைத்தல், வாசலில் மஞ்சள் நீர் தெளித்து வேப்பிலை கட்டுதல் ஆகியவை அந்நாட்களின் காட்சிகள். ‘கோயம்பேட்டிலிருந்து வந்தவர்’ என்ற சொல்லே அச்சமூட்டியது. ஊருக்குச் சோறு போக வேலை செய்தவர்கள்தாம் அவர்கள் என்பதை அப்போது எண்ணிப் பார்த்தவர் குறைவு.

ஜூன் 1 முதல் மாநிலத்தை மண்டலங்களாகப் பிரித்துப் பேருந்துகள் ஓடின. கடலூர் விழுப்புரத்தோடு ஒரு மண்டலத்திலும், கொள்ளிடத்துக்கு அக்கரையிலிருந்த பகுதிகள் வேறொரு மண்டலத்திலும் அமைந்தன. சிதம்பரத்தார் ஆற்றைத் தாண்டினாலே மண்டலம் மாறியது. ஜூலையில் அந்தப் பேருந்துகளும் நின்றன. மாவட்டங்களுக்கிடையே பேருந்துப் போக்குவரத்து செப்டம்பர் 7இல்தான் திரும்பியது. அதற்குள் அவ்வாண்டின் பலாப்பருவம் முடிந்திருந்தது.