பெருங்குற்றத் தண்டனையும் வாக்குரிமையும்: புளோரிடா

அமெரிக்காவில் ஓராண்டுக்கு மேல் சிறை விதிக்கத்தக்க குற்றம், பொதுவாகப் பெருங்குற்றம் (ஃபெலனி) எனப்படுகிறது. கொலை, கொள்ளை மட்டுமின்றி, போதைப்பொருள் வைத்திருத்தல், குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்ட திருட்டு, சிலவகைப் பண மோசடி ஆகியவையும் இதில் அடங்கும். தண்டனை பெறுபவர் சிறைவாசத்தோடு வேறு பலவற்றையும் இழக்கிறார். வாக்கு, ஜூரியில் அமரும் உரிமை, துப்பாக்கி வைத்திருக்கும் உரிமை, பல தொழில்களுக்கான உரிமம் ஆகியவை அவற்றுள் சில. வாக்குரிமை எப்போது போகும், எப்போது திரும்பும் என்பதை மாநிலங்களே தீர்மானிக்கின்றன. மேய்ன், வெர்மான்ட் மாநிலங்களில் சிறைக்குள் இருப்பவரும் வாக்களிக்கலாம். புளோரிடாவிலோ 2019 தொடக்கம்வரை, தண்டனையை முழுதும் முடித்தவரும் ஆளுநரின் தயவு கிடைத்தாலன்றி ஆயுள் முழுதும் வாக்களிக்க முடியாதிருந்தது.

வரலாறு

தடையின் வேர் உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் இருக்கிறது. 1868இல் ஏற்கப்பட்ட, அமெரிக்க அரசியலமைப்பின் பதினான்காம் திருத்தம், குடிமக்களின் வாக்கைப் பறிக்கும் மாநிலத்துக்குப் பிரதிநிதித்துவம் குறையும் என்றது. கலகத்திலோ வேறு குற்றத்திலோ ஈடுபட்டவர்களுக்கு மட்டும் விலக்களித்தது. இந்த விலக்கைக் காட்டித்தான் 1974இல் உச்ச நீதிமன்றம், ரிச்சர்ட்சன் எதிர் ராமிரெஸ் வழக்கில், குற்றவாளிகளின் வாக்கை மாநிலங்கள் பறிக்கலாம் என்று தீர்ப்பளித்தது.

தெற்கு மாநிலங்கள் அந்த விலக்கை எதற்குப் பயன்படுத்தின என்பது ஒளிவுமறைவற்ற செய்தி. 1890இல் மிசிசிப்பியும் 1901இல் அலபாமாவும் கறுப்பின மக்களை வாக்குச்சாவடியிலிருந்து அகற்றும் நோக்கத்துடனேயே தங்கள் அரசியலமைப்புகளைத் திருத்தி எழுதின. அலபாமாவின் விதியை 1985இல் உச்ச நீதிமன்றம், அதன் இனவெறி நோக்கத்தைச் சுட்டிக்காட்டி ரத்து செய்தது. புளோரிடாவின் ஆயுள் தடை 1868 அரசியலமைப்பில் இடம்பெற்றது. 1968இல் அந்த மாநிலம் தன் அரசியலமைப்பைப் புதிதாக இயற்றியபோதும் தடையைத் தக்கவைத்துக்கொண்டது. புது ஏற்பு பழைய கறையைப் போக்கிவிட்டது என்று 2005இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. 2000ஆம் ஆண்டு அதிபர் தேர்தல் புளோரிடாவில் 537 வாக்கு வித்தியாசத்தில் முடிவானது என்பதை நினைத்தால், இந்த விதியின் கனம் புரியும்.

மன்னிப்பு வாரியம்

வாக்கைத் திரும்பப் பெற அன்று இருந்த ஒரே வழி, ஆளுநரும் அமைச்சரவை உறுப்பினர் மூவரும் அமர்ந்த மன்னிப்பு வாரியம். 2007இல் ஆளுநர் சார்லி கிறிஸ்ட் விதிகளைத் தளர்த்தினார். அவருடைய நான்காண்டுகளில் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் உரிமை பெற்றனர். 2011இல் வந்த ரிக் ஸ்காட், தண்டனை முடிந்தபின் ஐந்து அல்லது ஏழாண்டு காத்திருந்தே விண்ணப்பிக்க வேண்டும் என்றார். அவருடைய எட்டாண்டுகளில் உரிமை பெற்றவர்கள் சுமார் 3,000 பேர்தான். சட்டம் மாறவில்லை, ஆள்தான் மாறினார்.

வாரியத்தின் முன் நடந்தது எப்படிப்பட்டது என்பதற்கு நீதிமன்ற ஆவணத்திலேயே ஒரு காட்சி உண்டு. 2013இல் ஒருவர் வாரியத்தின் முன் நின்றார். தடை இருந்தபோதே 2010இல் அவர் வாக்களித்திருந்தார். அதைப் பற்றி ஆளுநர் கேட்டதும், தாம் வாக்களித்தது ஆளுநருக்குத்தான் என்று அவர் சொன்னார். ஆளுநர் சிரித்தார். சில வினாடிகளில் அவருக்கு உரிமை வழங்கப்பட்டது. இதே தவறைச் செய்த வேறு சிலர் வெறுங்கையோடு அனுப்பப்பட்டிருந்தனர். 2018 பிப்ரவரியில் இந்த ஏற்பாடு அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்த கூட்டாட்சி நீதிபதி மார்க் வாக்கர் இதை எடுத்துக்காட்டினார். மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தது.

நான்காம் திருத்தம்

மாற்றம் மக்களிடமிருந்து வந்தது. அதன் முகமாக விளங்கியவர் டெஸ்மண்ட் மீட். போதைப் பழக்கத்தாலும் சிறைவாசத்தாலும் வீடற்றுப்போன அவர், 2005இல் மயாமியில் உயிரை விடும் எண்ணத்தோடு ரயில் பாதையருகே நின்றவர். ரயில் வரவில்லை, அவர் நடந்துபோய் மறுவாழ்வு மையத்தில் சேர்ந்தார். பிறகு சட்டம் படித்து 2014இல் பட்டம் பெற்றார். புளோரிடா உரிமை மீட்புக் கூட்டமைப்பை வழிநடத்தி, தடையை நீக்கும் திருத்தத்தை வாக்கெடுப்புக்குக் கொண்டுவரத் தேவையான 7,66,200 கையொப்பங்களுக்கும் மேல் திரட்டினார்.

2018 நவம்பர் 6 அன்று நடந்த வாக்கெடுப்பில், மாநில அரசியலமைப்புக்கான இந்த நான்காம் திருத்தத்துக்கு 64.5 விழுக்காட்டினர் ஆதரவளித்தனர், தேவைப்பட்டது 60. அன்றே ஆளுநர் தேர்தலில் வென்ற ரான் டிசாண்டிஸ் பெற்றதைவிடத் திருத்தம் பெற்ற வாக்கு சுமார் 10 லட்சம் கூடுதல். கட்சி பார்த்து இப்படியொரு முடிவு வந்திருக்க முடியாது. கொலை, பாலியல் பெருங்குற்றம் ஆகிய இரண்டும் நீங்கலாக, பரோல், நன்னடத்தைக் காலம் உட்படத் தண்டனையின் எல்லாப் பகுதிகளையும் முடித்தவர்களுக்கு வாக்குரிமை தானாகத் திரும்பும் என்றது திருத்தம். அப்போதைய மதிப்பீட்டின்படி 14 லட்சம் பேர் பயனடைய வேண்டும்.

கடன்

எல்லாப் பகுதிகள் என்பதில் பணமும் அடங்கும் என்று 2019 ஜூனில் ஒரு சட்டம் வந்தது. அபராதம், நீதிமன்றக் கட்டணம், பாதிக்கப்பட்டவருக்கான இழப்பீடு அனைத்தையும் தீர்த்தாக வேண்டும். தீர்ப்பில் எழுதப்பட்டதெல்லாம் தண்டனைதானே, பாதி முடித்தவர் முடித்தவராவாரா என்பது அரசின் வாதம். இழப்பீட்டைப் பொறுத்தவரை அதில் நியாயம் உண்டு. பணத்தை இழந்தவருக்கு அது திரும்பத்தான் வேண்டும். ஆனால் நிலுவையின் பெரும்பகுதி, நீதிமன்றத்தை நடத்துவதற்கே வசூலிக்கப்படும் கட்டணம். கட்டாத தொகை வசூல் நிறுவனத்துக்குப் போனால், அதன்மேல் 40 விழுக்காடு வரை கூட்ட மாநிலச் சட்டம் இடம் தருகிறது.

இன்னும் பெரிய சிக்கல், யார் எவ்வளவு கட்ட வேண்டும் என்பது அரசுக்கே தெரியாதது. 2020 மே மாதம் டாலஹாசியில் நீதிபதி ராபர்ட் ஹிங்கிள் எழுதிய தீர்ப்பு இதை விரிவாகப் பதிவு செய்தது. ஒரு பேராசிரியரும் ஆய்வு மாணவர் குழுவும், குலுக்கல் முறையில் தேர்ந்த 153 பேரின் நிலுவையைத் தேடினர். மூவரைத் தவிர மற்ற அனைவரின் பதிவுகளிலும் ஒன்றுக்கொன்று முரணான விவரங்களே கிடைத்தன. 85,000 வாக்காளர் பதிவுகள் சரிபார்ப்புக்காகக் காத்துக் கிடந்தன. பணம் கொடுத்தால்தான் வாக்கு என்னும் இந்த முறையின் பெரும்பகுதியை ஹிங்கிள் செல்லாததாக்கினார். அவ்வாண்டு செப்டம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முழு அமர்வு, ஆறுக்கு நான்கு என்ற கணக்கில் அதைத் தலைகீழாக்கியது.

2022 ஆகஸ்ட்டில், தகுதியின்றி வாக்களித்ததாக 20 பேர் கைது செய்யப்பட்டதை ஆளுநர் டிசாண்டிஸ் அறிவித்தார். அவர்கள் திருத்தம் விலக்கிவைத்த குற்றங்களுக்காகத் தண்டனை பெற்றவர்கள். ஆனால் அவர்களில் பலருக்கு வாக்காளர் அட்டையை அனுப்பியது அரசு அலுவலகமே. காவலர் அணிந்திருந்த கேமராவின் பதிவுகளில், கைவிலங்கு பூட்டும்போது என்ன குற்றம் செய்தோம் என்று புரியாமல் அவர்கள் கேட்பது பதிவாகியிருக்கிறது. இத்தகைய காட்சியைப் பார்க்கும் இன்னொருவர், தகுதி இருந்தும் வாக்குச்சாவடிப் பக்கம் போக அஞ்சுவார். தடையின் உண்மையான வீச்சு அந்த அச்சத்தில்தான் இருக்கிறது.

தண்டனை எங்கே வழங்கப்பட்டது என்பதும் முடிவை மாற்றுகிறது. 2024 மே மாதம் நியூயார்க்கில் 34 பெருங்குற்றச்சாட்டுகளில் குற்றவாளி எனத் தீர்ப்பான டொனால்ட் டிரம்ப், அந்த நவம்பரில் புளோரிடாவில் வாக்களித்தார். பிற மாநிலத் தீர்ப்புகளுக்கு அந்தந்த மாநில விதியையே புளோரிடா ஏற்கிறது. நியூயார்க்கிலோ சிறையில் இருக்கும்போது மட்டுமே வாக்கு இல்லை. அவருக்கு அது கிடைத்தது சரியே. புளோரிடா நீதிமன்றத்தில் தண்டனை பெற்ற அவருடைய அண்டை வீட்டாருக்கும் அதே விதி பொருந்த வேண்டும்.

முழு உரிமை என்னும் கேள்வி

சட்டத்தை மீறியவர் சட்டம் இயற்றுவோரைத் தேர்ந்தெடுக்கலாமா என்பது எதிர்ப்பாளரின் கேள்வி. அதே மனிதரிடம் வரி வாங்குகிறோம், அதே சட்டத்துக்குக் கீழ்ப்படியச் சொல்கிறோம். தண்டனைக்காலம் முடிந்தது என்று நீதிமன்றமே சொன்னபிறகு, முடியாத தண்டனை ஒன்றை மாநிலம் தொடர்வதற்கு இந்தக் கேள்வி போதுமான காரணமாகாது.

எல்லா உரிமைகளையும் ஒரே கட்டாகக் கட்டுவதும் தவறு. நான்காம் திருத்தம் வாக்கை மட்டுமே தொட்டது. ஜூரியில் அமரவும் மாநிலப் பதவிக்குப் போட்டியிடவும் இன்றும் வாரியத்தின் அனுமதி வேண்டும். மீட் சட்டம் படித்தும், 2021இல்தான் அவருக்கு அந்த உரிமைகள் திரும்பின. துப்பாக்கி வேறு வகை. அதைத் தடுப்பது 1968ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம். அங்கே பிறர் உயிருக்கு ஆபத்து உண்டா என்பது கேட்கத்தக்க கேள்வி. வாக்குச்சீட்டால் அப்படி எவருக்கும் ஆபத்தில்லை.

பிற நாடுகளில் சிறைவாசிகளைப் பற்றியே விவாதம் நடக்கிறது. கனடாவின் உச்ச நீதிமன்றம் 2002இல் அவர்களுக்கும் வாக்குரிமை உண்டு என்றது. இந்தியாவில் 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி, சிறையில் இருப்பவர், விசாரணைக் கைதியே ஆனாலும், வாக்களிக்க முடியாது. இது கடுமையான விதிதான். எனினும் விடுதலையானவர் எந்த வாரியத்தின் முன்னும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை.

புளோரிடாவில் 2024 நிலவரப்படி, தண்டனைச் சீர்திருத்த அமைப்பான சென்டென்சிங் புராஜெக்ட்டின் மதிப்பீட்டில், 9.6 லட்சம் பேர் வாக்குரிமையற்றவர்கள். அவர்களில் சுமார் 7.3 லட்சம் பேர் தண்டனைக்காலத்தை முடித்துவிட்டு, பெரும்பாலும் பண நிலுவையால் வெளியே நிற்பவர்கள்.