இரண்டு டாலர் பெட்டியும் 120 பிலிமும்

மீடியம் ஃபார்மட்னு சொன்னாலே ஹாசல்பிளாட், ஸ்டூடியோ, லட்ச ரூபாய்னுதான் பலருக்கும் ஞாபகம் வரும். ஆனா வரலாறு அப்படியே தலைகீழ். அந்தக் கேமராக்களில் போடுகிற 120 பிலிமை 1901இல் கோடாக் கொண்டுவந்ததே இரண்டு டாலர் விலையுள்ள 'நம்பர் 2 பிரௌனி'க்காகத்தான். அட்டைப்பெட்டி, ஒரே ஒரு சாதாரண லென்ஸ், அவ்வளவுதான் அந்தக் கேமரா.

அப்புறம் எதுக்கு அவ்வளவு பெரிய பிலிம்? ஆடம்பரத்துக்கு இல்லீங்க. நெகட்டிவை அப்படியே தாள்மேல் வைத்து வெளிச்சம் காட்டினால் அதே அளவில் படம் வந்துவிடும், என்லார்ஜர் தேவையில்லை. 6-க்கு 9 செ.மீ. படம் குடும்ப ஆல்பத்துக்குத் தாராளம். பெரிதாக்காததால் மட்டமான லென்ஸின் குறையும் கண்ணில் படாது. வசதி குறைந்தவர்களுக்கான அளவுதான் இது.

அந்த வழியில் வந்ததுதான் லெனின்கிராடின் 'லூபிடெல்'. பெயருக்கே அமெச்சூர் என்றுதான் பொருள். ஜெர்மனியின் ஃபோக்ட்லாண்டர் பிரில்லியன்ட்டைப் பார்த்துச் செய்தது. உடம்பு வெறும் பேக்கலைட்; லென்ஸ் மட்டும் மூன்று கண்ணாடித் துண்டுகள் கொண்டது, எஃப் 4.5. 1982இல் ஹாங்காங்கில் பிறந்த ஹோல்காவில் அதுவும் பிளாஸ்டிக். ஓரம் கருத்து வரும் படத்தை ரசிக்கிறவங்க அதை வாங்கலாம். எனக்கு ஷட்டர் வேகத்தையும் அப்பர்ச்சரையும் நானே வைக்கணும், அதனால் என் ஓட்டு லூபிடெலுக்கு.

ஒண்ணு மட்டும்: இதில் ஷட்டரைத் தனியாக ஏற்றணும், பிலிமைத் தனியாகச் சுற்றணும். சுற்ற மறந்தால் ஒரே ஃபிரேமில் இரண்டு படம் விழும். ரோலுக்கு 12தான் இருக்கு.