நீடாமங்கலத்துப் பந்தி

போன மாதம் மன்னார்குடிப் பக்கம் தோழர் ஒருவரின் கல்யாண வேலைக்காகக் கூடியிருந்தோம். வரவேற்புக்கு எத்தனை இலை, முதல் பந்தியில் யார் யார் என்று நோட்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது பெரியவர் ஒருவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "நம்ம தெரு சனம் முதல் பந்தியில உக்காந்தா ஊர்க்காரங்க கை நனைக்காமப் போயிடுவாங்கப்பா. தெருவுக்குச் சாப்பாட்ட வேன்ல அனுப்பிடலாமே."

அவர் நம்மவர்தான். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அவர் சொன்ன இடத்திலிருந்து நீடாமங்கலம் பக்கத்தில்தான் இருக்கிறது. அங்கே ஒரு பந்தியில் நடந்ததை இளைய தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

1937 டிசம்பர் கடைசி. ராஜாஜி தலைமையில் காங்கிரஸ் மந்திரிசபை அமைந்து அரை வருடம்கூட ஆகவில்லை. நீடாமங்கலத்தில் தென் தஞ்சை காங்கிரஸ் மாநாடு நடந்தது. எல்லோருக்கும் சமபந்தி விருந்து என்றார்கள். அதை நம்பி, பக்கத்து அனுமந்தபுரம் பண்ணையில் வேலை செய்த தாழ்த்தப்பட்ட தொழிலாளிகள் மற்றவர்களோடு இலை முன் உட்கார்ந்தார்கள். பந்தியிலேயே அடி விழுந்தது. மறுநாள் பிடித்து வரச் செய்து, மொட்டையடித்து, சாணிப்பால் புகட்டினார்கள்.

சாணிப்பால் என்றால் சாணியைத் தண்ணீரில் கரைத்தது. பண்ணை வேலையில் தவறு கண்டால் கொடுக்கிற தண்டனை அது. இங்கே அவர்கள் செய்த தவறு என்ன? சோறு தின்றதா? மிராசுதார் வீட்டுக் கல்யாணத்தில் பண்ணையாளுக்கும் சோறு உண்டு. எல்லோரும் சாப்பிட்டு முடித்தபின், கொல்லைப் பக்கம். அந்தச் சோற்றுக்கு யாரும் அடித்ததில்லை. அதே சோற்றை அதே வரிசையில், அதே நேரத்தில் உட்கார்ந்து தின்றதற்குத்தான் அடி.

இதே வேறுபாட்டை இன்னும் பின்னால் போயும் பார்க்கலாம். தஞ்சை மராட்டிய மன்னர்கள் கட்டிய சத்திரங்களில் ஒன்று நீடாமங்கலத்திலேயே இருக்கிறது, யமுனாம்பாள் சத்திரம். 1801-ல் சரபோஜி மன்னர் கும்பினியின் ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதத்தில், தம் சத்திரங்களில் பார்ப்பனர் முதல் பறையர் வரை வழிப்போக்கர் எல்லோருக்கும் சோறு போடுவதைப் பெருமையாகச் சொல்கிறார். தர்மத்துக்குச் சாதி தடையில்லை என்று காட்ட இன்றும் இதை எடுத்துக் காட்டுகிறார்கள். சோறு போட்டார்கள், சரி. பக்கத்தில் உட்கார வைத்தார்களா என்பதுதான் நம் கேள்வி.

நீடாமங்கலம் செய்தியை ஊருக்குச் சொன்னவை சுயமரியாதை இயக்கத்தின் 'விடுதலை'யும் 'குடிஅரசு'ம். பாதிக்கப்பட்டவர்களை மேடையேற்றிப் பேச வைத்தார்கள். காங்கிரஸ் தரப்பு அப்படி ஒன்று நடக்கவேயில்லை என்றது. 'விடுதலை' மீது அவதூறு வழக்கும் வந்தது. ஆ. திருநீலகண்டன் இதைப் பற்றித் தனி நூலே எழுதியிருக்கிறார், தேடிப் படியுங்கள்.

சாணிப்பாலையும் சவுக்கடியையும் நிறுத்த 1944-ல் விவசாயச் சங்கம் போராடி மன்னார்குடியில் ஒப்பந்தம் போட வேண்டியிருந்தது. 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள்: தின்னத் தகாததைத் தின்னவோ குடிக்கவோ கட்டாயப்படுத்துவதுதான் அதன் மூன்றாம் பிரிவு சொல்கிற முதல் குற்றம். நீடாமங்கலம் நடந்து 52 வருடம் கழித்து!

இன்று யாரும் சாணிப்பாலைக் கரைப்பதில்லை. வேன் அனுப்புகிறோம். நாமே அனுப்புகிறோம், அதுவும் வாழையிலையில் கட்டி, பாயசத்தோடு.

நாங்கள் பெரியவரிடம் நீடாமங்கலம் கதையைச் சொன்னோம். "தெரியும்ப்பா, எங்க அப்பா சொல்லியிருக்காரு" என்றார். பிறகு நோட்டில் இருந்த பெயர்ப் பட்டியலை அடித்துவிட்டு, வருகிறவர் வருகிற வரிசையில் உட்காரட்டும் என்று எழுதினோம். எழுந்து போகிறவர்கள் போனால் எத்தனை இலை மிஞ்சும் என்று சமையல்காரர் கேட்டார். முப்பது குறைத்துப் போடுங்கள் என்றார் பெரியவர்.