பலக் முச்சல்

பலக் முச்சல் இந்தித் திரையுலகின் பின்னணிப் பாடகிகளுள் ஒருவர். 1992 மார்ச் 30 அன்று மத்தியப் பிரதேசத்தின் இந்தூரில் பிறந்தவர். ‘ஆஷிகி 2’, ‘பிரேம் ரத்தன் தன் பாயோ’ ஆகிய படங்களின் பாடல்களால் நாடு முழுவதும் அறியப்பட்ட குரல் அவருடையது. ஆனால் சினிமாவுக்கு வருவதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்பே, ஏழு வயதில், அவர் பாடிப் பணம் சேர்க்கத் தொடங்கிவிட்டார். அந்தப் பணம் முதலில் போரில் இறந்த வீரர்களின் குடும்பங்களுக்கும், பிறகு புயலில் வீடிழந்தவர்களுக்கும், அதன்பின் இதயக் கோளாறோடு பிறந்த ஏழைக் குழந்தைகளின் ஆபரேஷன் செலவுக்கும் போனது. அவர் திரட்டிய நிதியில் நடந்த அறுவை சிகிச்சைகள் 2024ஆம் ஆண்டின் நடுவில் 3,000 ஆயின.

இந்தூர் பாட்டுக்குப் பேர்போன ஊர். லதா மங்கேஷ்கர் 1929இல் பிறந்தது அங்கேதான். கிஷோர் குமார் அந்த ஊரின் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தவர். பலக் பிறந்தது மார்வாடி மகேஸ்வரி சமூகத்தைச் சேர்ந்த ஒரு நடுத்தரக் குடும்பத்தில். தந்தை தனியார் நிறுவன ஊழியர், தாய் இல்லத்தரசி. நான்கு வயதிலேயே, இசையமைப்பாளர்களான கல்யாண்ஜி, ஆனந்த்ஜி சகோதரர்களின் பெயரில் இயங்கிய குழந்தைப் பாடகர் குழுவில் பலக் சேர்ந்தார். சாஸ்திரிய சங்கீதமும் கற்றார். அவருடைய தம்பி பலாஷும் சிறு வயதிலேயே அக்காவோடு மேடை ஏறிப் பாடியவர்; பின்னாளில் இசையமைப்பாளர் ஆனார்.

1999இல் கார்கில் போர் மூண்டது. உயிரிழந்த வீரர்களின் குடும்பங்களுக்காக நாடெங்கும் நிதி திரட்டப்பட்டது. ஏழு வயதுப் பலக், ஒரு வாரம் இந்தூரின் கடைகளுக்கு முன்னால் நின்று பாடினார். சேர்ந்த தொகை 25,000 ரூபாய். செய்தித்தாள்கள் அந்தச் சிறுமியைப் பற்றி எழுதின. அதே ஆண்டு அக்டோபர் கடைசியில் ஒடிசாவைப் பெரும்புயல் தாக்கியபோது மறுபடியும் பாடினார். இந்த இரண்டும் திடீரென வந்த பேரிடர்கள். உதவி கேட்டால் ஊரே கொடுக்கும் நேரங்கள். அந்த நேரம் கடந்தபின் எத்தனையோ குழந்தைகள் பள்ளிப் பாடத்துக்குத் திரும்பியிருப்பார்கள். பலக் நிற்காமல் பாடியதற்குக் காரணங்கள் இரண்டு சொல்லப்படுகின்றன. ஒன்று, ரயிலில் போகும்போது தன் வயதுக் குழந்தைகள் உடுத்திய துணியாலேயே பெட்டியின் தரையைத் துடைத்துக் காசு கேட்டதைப் பார்த்தது. இன்னொன்று, இந்தூர்ப் பள்ளி ஒன்றிலிருந்து வந்த கோரிக்கை.

நிதி வினய் மந்திர் என்னும் அந்தப் பள்ளியில் படித்த ஒரு மாணவனுக்குப் பிறவி இதயக் கோளாறு இருந்தது. ஆபரேஷனுக்குக் குடும்பத்தில் வழியில்லை. ஆசிரியர்கள் பலக்கின் பெற்றோரைத் தேடி வந்து, அந்தப் பையனுக்காக உங்கள் மகள் ஒரு நிகழ்ச்சி நடத்த முடியுமா என்று கேட்டார்கள். 2000 மார்ச் மாதம் தெருவியாபாரியின் தள்ளுவண்டி ஒன்றே மேடையானது. ஒரு வாரப் பாட்டில் 51,000 ரூபாய் சேர்ந்தது. செய்தி பரவி, பெங்களூரின் புகழ்பெற்ற இதய அறுவை வல்லுநர் தேவி பிரசாத் செட்டியின் காதுக்கு எட்டியது. பணம் வேண்டாம், நானே செய்து தருகிறேன் என்று அவர் முன்வந்தார்.

பையன் பிழைத்துவிடுவான், பணமும் கையில் இருக்கிறது. பலக்கின் வாழ்க்கையைத் திசைதிருப்பியது இந்த மீந்த பணம்தான். அதைப் பெற்றோர் தங்களிடம் வைத்துக்கொள்ளவில்லை, வேறு ஏதோ ஒரு நல்ல காரியத்துக்கு மொத்தமாகத் தூக்கிக் கொடுத்துவிடவும் இல்லை. இதய ஆபரேஷன் தேவைப்படும் குழந்தைகள் இருந்தால் எங்களை அணுகுங்கள் என்று உள்ளூர்ப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார்கள். ஒருவரோ இருவரோ வந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். வந்தது 33 குழந்தைகளின் பெயர்கள்.

அந்த 33 பேரும் ஓர் ஊரையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்தவர்கள். இந்தியாவில் ஆண்டுதோறும் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் இதயக் குறையோடு பிறப்பதாக மருத்துவர்கள் மதிப்பிடுகிறார்கள். உலக அளவில் ஆயிரம் குழந்தைகளுக்கு எட்டு அல்லது ஒன்பது பேர். வழக்கில் இதை ‘இதயத்தில் ஓட்டை’ என்கிறோம். மேலறைகளுக்கு இடையிலோ கீழறைகளுக்கு இடையிலோ உள்ள சுவர் முழுமையாக மூடாமல் இருப்பது அதில் ஒரு வகை. கருவில் திறந்திருக்க வேண்டிய ஒரு ரத்தக்குழாய், பிறந்தபின்னும் மூடாமல் இருப்பது இன்னொன்று. சில குழந்தைகளுக்கு நான்கு குறைகள் சேர்ந்தே அமைந்துவிடும். அழும்போதும் பால் குடிக்கும்போதும் உதடும் நகமும் நீலம் பாரித்துப்போகும். சிறிய ஓட்டைகளில் பல தாமாகவே மூடிக்கொள்ளும். பெரியவற்றுக்குச் சிகிச்சை தேவை. சிலவற்றைத் தொடையின் ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாய் செலுத்தி, குடைபோல விரியும் ஒரு சாதனத்தால் அடைத்துவிடலாம். மற்றவற்றுக்கு மார்பைத் திறந்து, இதயத்தின் வேலையையும் நுரையீரலின் வேலையையும் ஓர் இயந்திரத்திடம் சிறிது நேரம் ஒப்படைத்துவிட்டுத் தைக்க வேண்டும்.

இதில் கொடுமை என்னவென்றால், நோய்க்கு ஒரு கெடு உண்டு. பெரிய ஓட்டை வழியாக அளவுக்கு மீறிய ரத்தம் நுரையீரலுக்குள் பாய்ந்துகொண்டே இருந்தால், அங்குள்ள ரத்தக்குழாய்கள் ஆண்டுக்கணக்கில் தடித்து இறுகிவிடும். ஒரு கட்டத்துக்குப் பிறகு ஓட்டையை மூடினாலே உயிருக்கு ஆபத்து என்ற நிலை வந்துவிடும். இரண்டு வயதில் குணமாகக்கூடிய குழந்தை, பணம் சேர்வதற்குள் பத்து வயதாகி, எந்த மருத்துவராலும் தொட முடியாத நோயாளி ஆகிவிடலாம். ஏழைப் பெற்றோருக்குத் தேவைப்படுவது பணம் மட்டும் அன்று, உரிய காலத்தில் பணம்.

முச்சல் குடும்பம் இதைப் புரிந்துகொண்டுதான் காரியத்தை அமைத்தது. 2000ஆம் ஆண்டில் தொடர்ந்து நடந்த நிகழ்ச்சிகளில் இரண்டேகால் லட்சம் ரூபாய் சேர்ந்தது. பெங்களூரிலும் இந்தூரிலுமாக ஐந்து குழந்தைகளுக்கு ஆபரேஷன் நடந்தது. இந்தூரின் சோய்த்ராம் மருத்துவமனை, இந்தக் குழந்தைகளுக்கு மட்டும் கட்டணத்தை 80,000 ரூபாயிலிருந்து பாதியாக, 40,000 ரூபாயாகக் குறைத்தது. அங்கிருந்த அறுவை மருத்துவர் ஒருவர் தம் ஊதியத்தையும் விட்டுக்கொடுத்தார். அதே பாட்டு, அதே வசூல். ஆனால் ஒரு குழந்தைக்குப் போதுமான பணத்தில் இப்போது இரண்டு குழந்தைகள். பிறகு இந்தூரின் பண்டாரி மருத்துவமனை இன்னும் ஒரு படி மேலே போனது. பலக்கின் பெயரில் அமைந்த அறக்கட்டளைக்குப் பத்து லட்சம் ரூபாய் வரை கடன் வசதி கொடுத்தது. கச்சேரிக்குத் தேதி கிடைத்து, வசூலாகி, பணம் கட்டும்வரை அவசர நோயாளி காத்திருக்க வேண்டியதில்லை. முதலில் ஆபரேஷன், பிறகு பாட்டு, அதன்பின் கணக்குத் தீர்ப்பது.

பலக்கைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் குழந்தையின் கருணை மனதையே எழுதுவார்கள். அது உண்மைதான். ஆனாலும் அந்த இரக்கத்தை ஆண்டுக்கணக்கில் வற்றாமல் வைத்தது இந்த ஏற்பாடுகள் என்பதை மறக்கக் கூடாது: ஒரு விளம்பரம், ஒரு பட்டியல், பேசி வாங்கிய பாதிக் கட்டணம், ஒரு கடன் கணக்கு. அழகாகப் பாடத் தெரிந்த குழந்தைகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். மகளின் பாட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து பெயர்களையும் தொகைகளையும் எழுதி வைத்த பெற்றோரின் உழைப்புக்கும் இந்த வரலாற்றில் சம இடம் உண்டு.

நிகழ்ச்சிகளுக்கு இந்தியாவில் ‘தில் சே தில் தக்’, அதாவது இதயத்திலிருந்து இதயம் வரை, என்று பெயர். வெளிநாடுகளில் ‘சேவ் லிட்டில் ஹார்ட்ஸ்’. ஒரு நிகழ்ச்சியில் ஏறத்தாழ நாற்பது பாடல்கள்: திரைப்பாடல், கஜல், பஜனை எல்லாம் கலந்து. தமிழ் உட்படப் பதினேழு மொழிகளில் பாடக்கூடியவர் என்று அறியப்படுகிறார். தம்பி பலாஷ், சிறுநீரக நோயுற்ற குழந்தைகளுக்காகத் தன் பங்கைப் பாடினார். 2001 ஜனவரி 26 அன்று குஜராத்தின் கச்சுப் பகுதியை நிலநடுக்கம் குலைத்தபோது, ஒன்பது வயதுகூட நிரம்பாத பலக் பத்து லட்சம் ரூபாய் திரட்டிக் கொடுத்தார். 2003இல், சிகிச்சைக்காக இந்தியா வந்த இரண்டு வயதுப் பாகிஸ்தான் குழந்தை ஒன்றுக்கும் உதவ முன்வந்தார். கார்கில் வீரர்களின் குடும்பங்களுக்காகப் பாடத் தொடங்கிய சிறுமி, நான்கே ஆண்டுகளில் எல்லைக்கு அப்பால் இருந்து வந்த ஒரு குழந்தையின் இதயத்துக்காகவும் கை நீட்டினார். இரண்டு செயலிலும் அவர் மனம் ஒன்றே.

குணமான குழந்தையின் குடும்பத்திடம் பலக் பணமோ பரிசோ வாங்குவதில்லை. ஒரே ஒரு பொம்மை மட்டும். ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் ஒரு பொம்மை அவர் வீட்டில் சேர்ந்துகொண்டே வந்தது. இன்னொரு வழக்கமும் உண்டு. மருத்துவர்களின் அனுமதியோடு ஆபரேஷன் தியேட்டருக்குள்ளேயே நின்று, சிகிச்சை முடியும்வரை பிரார்த்தித்துக்கொண்டிருப்பார். அதற்காகப் பண்டாரி மருத்துவமனையில் அவர் அளவுக்கு ஓர் அங்கி தைத்து வைத்திருந்தார்கள். மற்ற பிள்ளைகள் விளையாடும் வயதில் மார்பு திறந்த குழந்தையின் அருகே நிற்பது சாதாரண விஷயம் அல்ல. ஒரு சின்னப் பெண்ணின் தோளில் இவ்வளவு பாரமா என்று கேட்கத்தான் தோன்றுகிறது. ஆனால் வளர்ந்து, மறுக்கும் உரிமை தன் கைக்கு வந்த பிறகும், அவர் அந்தப் பாரத்தை இறக்கி வைக்கவில்லை.

கணக்கைக் கொஞ்சம் விரித்துப் பார்த்தால் உழைப்பின் அளவு தெரியும். 2006ஆம் ஆண்டு இறுதி வரை 1.2 கோடி ரூபாய் சேர்ந்து, 234 குழந்தைகளுக்கு ஆபரேஷன் நடந்திருந்தது. 2009 ஜூன் வரையான கணக்கு: 1,460 நிகழ்ச்சிகள், 1.71 கோடி ரூபாய், 338 குழந்தைகள். ஒரு குழந்தைக்குச் சுமார் 50,000 ரூபாய் ஆகிறது. ஒரு நிகழ்ச்சியின் சராசரி வசூலோ 12,000 ரூபாய்க்கும் குறைவு. ஓர் இதயத்துக்கு நான்கு நிகழ்ச்சிகளுக்கும் மேல் பாட வேண்டும். கடை வாசலில் பாடிய சின்ன நிகழ்ச்சிகள் முதல் பெரிய அரங்குகள் வரை எல்லாம் சேர்ந்த சராசரி இது. பெரிய மேடையில் மூன்று மணி நேரம் பாடினாலும் அந்நாட்களில் ஒரே ஒரு குழந்தைக்கான பணம்தான் கிடைக்கும் என்று பலக்கே பின்னர் சொல்லியிருக்கிறார்.

இந்தச் சராசரியை மாற்றியது சினிமா. 2001இலேயே ‘சைல்ட் ஃபார் சில்ட்ரன்’ என்ற இசைத்தொகுப்பு வெளிவந்திருந்தாலும், பின்னணிப் பாடகியாக அவர் அறிமுகமானது 2011இல், ‘தமாதம்’ என்ற படத்தில். மறு ஆண்டு சல்மான் கான் நடித்த ‘ஏக் தா டைகர்’ படத்தில் ஒரு பாட்டு. 2013இல் ‘ஆஷிகி 2’ வந்தது. அரிஜித் சிங்கோடு சேர்ந்து பாடிய ‘சாஹூன் மேய்ன் யா நா’ அவரை வீடுதோறும் கொண்டுசேர்த்தது. 2015இல் ‘பிரேம் ரத்தன் தன் பாயோ’ படத்தின் தலைப்புப் பாடல். 2016இல் கிரிக்கெட் வீரர் தோனியின் வாழ்க்கைப் படத்தில் ‘கௌன் துஜே’. 2022 நவம்பரில் இசையமைப்பாளர் மிதூனை மணந்தார்.

புகழ் வந்ததும் மேடைச் சம்பளம் உயர்ந்தது. அறப்பணிக்கு இதன் பொருள் நேரடியானது: ஒரே கச்சேரியின் ஊதியத்தில் பதின்மூன்று, பதினான்கு குழந்தைகளின் ஆபரேஷனை முடிக்க முடிந்தது. 2009 வரை பத்து ஆண்டுகளில் 338 என்று ஊர்ந்த எண், அடுத்த பதினைந்து ஆண்டுகளில் 3,000க்குத் தாவியதன் ரகசியம் இதுதான். பிரபலமான பிறகு அறப்பணியை நினைக்கிறவர்கள் உண்டு. பலக்கின் வாழ்வில் அறப்பணி முதலில் வந்தது. புகழ் அதற்கு எரிபொருளாக வந்து சேர்ந்தது.

இந்த இடைவெளியில் அரசும் சும்மா இருக்கவில்லை. 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தை நலத் திட்டத்தின் கீழ், அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் மருத்துவக் குழுக்கள் சென்று பிறவிக் குறைகளைக் கண்டறிகின்றன. இதயக் கோளாறும் அந்தப் பட்டியலில் உண்டு. 2018இல் வந்த ஆயுஷ்மான் பாரத் காப்பீடு, தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவை ஏற்கிறது. இவை பெரிய முன்னேற்றங்கள், வரவேற்க வேண்டியவை. ஆனாலும் குழந்தை இதய அறுவைக்கென்று பயிற்சி பெற்ற மருத்துவர்களும் அவர்கள் இயங்கும் நிலையங்களும் பெரும்பாலும் பெரிய நகரங்களிலேயே இருக்கின்றன. கிராமத்துக் குழந்தை அங்கே போய்ச் சேர்வதற்குள் ஆகும் தாமதத்தை எந்தக் காப்பீட்டு அட்டையும் தனியாகச் சரிசெய்துவிடாது. ஒரு பாடகியின் தொண்டைக்குள் இத்தனை குழந்தைகளின் ஆயுள் அடங்கியிருக்கும்படி ஒரு நாடு விட்டது வருத்தத்துக்குரியது. அந்தப் பாடகி தன் குரலை அவர்களுக்கே கொடுத்தது அந்தக் குழந்தைகளின் நற்பேறு.

3,000ஆவது ஆபரேஷன் முடிந்ததாக 2024இல் செய்தி வந்தபோது, பலக் காத்திருப்போர் பட்டியலின் எண்ணையும் சேர்த்தே சொன்னார். அப்போது அதில் 413 குழந்தைகள் இருந்தார்கள். தான் பாடும் ஒவ்வொரு கச்சேரியும் அவர்களுக்கானதுதான் என்றும் சொன்னார்.