பாசோ காடும் அதன் எல்லைக்கு அப்பாலும்: நெகிரி செம்பிலான் தோட்டங்களும் இயற்கைப் பாதுகாப்பு முடிவுகளும்

நெகிரி செம்பிலான் மாநிலத்தின் ஜெலுபு மாவட்டத்தில், சிம்பாங் பெர்த்தாங் என்னும் சிற்றூருக்கு அணித்தாகப் பாசோ வனக்காப்பகம் அமைந்துள்ளது. கோலாலம்பூரிலிருந்து தென்கிழக்கே நேர்கோட்டில் ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவு. உலகின் தாழ்நில மழைக்காடுகளுள் மிக நுணுக்கமாக ஆராயப்பெற்றவற்றில் இதுவும் ஒன்றாகும். இதன் மூன்று பக்கங்களிலும் செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்துள்ளன. இக்காட்டைப் பற்றி அரை நூற்றாண்டாகச் சேர்ந்துள்ள அறிவு, அதைச் சூழ்ந்த தோட்டங்களில் எடுக்கப்படும் முடிவுகளை எந்த அளவுக்குத் தொட்டுள்ளது என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

இந்திய ஆய்வியல் இதழொன்றில் காட்டைப் பற்றிய கட்டுரைக்கு என்ன வேலை என வாசகர் கேட்கலாம். மலேசியத் தமிழர் வரலாற்றை எழுதுவோர் கங்காணி, லயம், பிரட்டுக்களம், கோயில், பள்ளி, தொழிற்சங்கம் ஆகியவற்றை விரிவாக ஆராய்ந்துள்ளனர். தோட்டத்தின் எல்லையில் நின்ற காடு அவ்வாய்வுகளில் பெரும்பாலும் பின்னணித் திரையாகவே வந்து மறைகிறது. காட்டை ஆராய்ந்த அறிவியலாளரோ தோட்டத்தை வரைபடத்தின் ஓரத்து வெற்றிடமாக விட்டனர். ஒருவர் விட்ட இடத்தை மற்றவரும் விட்டதால், காட்டுக்கும் தோட்டத்துக்கும் இடைப்பட்ட எல்லை எவருடைய ஆய்வுப்பொருளும் ஆகாமற் போயிற்று.

களையெடுப்பும் மண்ணும்

ஆய்வு முடிவுக்கும் தோட்ட நடைமுறைக்கும் உள்ள இடைவெளி செம்பனையோடு தொடங்கியதன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லிங்கி, ரந்தாவ், லாபு, போர்ட்டிக்சன் வட்டாரங்களில் காடழித்து இரப்பர் நட்ட துரைமார், மரங்களுக்கிடையே புல் பூண்டு எதுவும் தலைகாட்டாத வெற்று நிலத்தையே நல்ல தோட்டத்தின் அடையாளமாகக் கொண்டனர். மலாயா முழுவதும் இதுவே நடைமுறை. களையெடுக்கும் கூட்டங்களில் தமிழ்ப் பெண்களும் சிறுவர்களும் மிகுதியாக இருந்தனர். பால்மரம் வெட்டுவோரினும் இவர்களுக்குக் கூலி குறைவு. மலாயாவின் மழைக்கு மூடாக்கற்ற சரிவுநிலத்தின் மேல்மண் எத்தனை விரைவில் கரையும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

1920களின் நடுப்பகுதியில் தோற்றம் பெற்ற மலாயா இரப்பர் ஆராய்ச்சி நிலையத்தின் மண்ணியல் அறிஞர் ஹெயின்ஸ், இயற்கையான கீழ்ச்செடிகளை அடியோடு அழிக்காமல் கட்டுப்படுத்திப் பயன்கொள்ளும் முறையைப் பற்றி 1934இல் ஒரு கையேடு வெளியிட்டார். அதற்கு முன்பே 1930களின் பொருளாதார வீழ்ச்சி, தோட்டங்களின் செலவைக் கடுமையாகக் குறைத்திருந்தது. தொழிலாளர் பெருந்தொகையாகத் தமிழகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர், களையெடுப்பும் சுருங்கியது. மண்ணைக் காக்கும் கொள்கை ஏற்கப்படுவதற்கு அறிவியல் எவ்வளவு காரணமோ, கூலி கொடுக்க இயலாமையும் அவ்வளவு காரணம் என்பது என் கருத்து. வேலையிழந்து கப்பலேறியவர்களின் வரலாறும் மண்வளத்தின் வரலாறும் ஒரே ஆண்டுகளில் நிகழ்ந்தவை. ஆயினும் நம் நூல்களில் அவை தனித்தனி இயல்களாகவே உள்ளன.

இங்கு மற்றொன்றையும் குறிப்பிட வேண்டும். சிறுதோட்டக்காரர்கள் தொடக்கம் முதலே மரங்களை நெருக்கமாக நட்டுக் கீழ்ச்செடிகளை வளரவிட்டனர். அதிகாரிகளும் துரைமாரும் இதனைச் சோம்பலின் விளைவு என்றே பலகாலம் கருதினர். பின்னாளில் ஆராய்ச்சி வந்து சேர்ந்த இடத்தில் அவர்கள் முன்பே நின்றுகொண்டிருந்தனர். அவர்கள் ஏன் அவ்வாறு செய்கிறார்கள் என்று உரிய காலத்தில் எவரேனும் கேட்டிருந்தால், எத்தனையோ சரிவுகளின் மண் தப்பியிருக்கும்.

எண்ணப்பட்ட மரங்கள்

பாசோவில் முறையான ஆய்வு 1970களின் தொடக்கத்தில் பன்னாட்டு உயிரியல் திட்டத்தின் கீழ் நடைபெற்றது. மலேசிய அறிஞரோடு பிரிட்டனும் ஜப்பானும் இதில் பங்கேற்றன. மலேசியக் காட்டியலில் இந்திய வம்சாவளி அறிஞரின் பங்கு கணிசமானது என்பதை நம் மாணவர் அறிதல் வேண்டும். மெராந்தி இனமரங்கள் சில, பல ஆண்டுகளுக்கு ஒருமுறை காடே பூக்கும் பருவத்தில், கண்ணுக்கு எளிதில் புலப்படாத இலைப்பேன்களால் மகரந்தச் சேர்க்கை பெறுகின்றன என்பதை 1981இல் அப்பண்ணாவும் சானும் வெளிப்படுத்தினர். 

1980களின் நடுவில், மலேசிய வன ஆராய்ச்சி நிலையம் அமெரிக்க ஆய்வு நிறுவனங்களுடன் இணைந்து 50 எக்டர் பரப்பளவுள்ள நிலையான ஆய்வுக்களம் ஒன்றை இங்கு அமைத்தது. நீளம் 1,000 மீட்டர், அகலம் 500 மீட்டர். தண்டின் விட்டம் 1 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் உள்ள ஒவ்வொரு மரமும் அளக்கப்பட்டு, எண்ணிட்டு, வரைபடத்தில் குறிக்கப்பட்டது. ஏறத்தாழ 3,35,000 மரங்கள்; 800க்கு மேற்பட்ட இனங்கள். கொச்சும்மன், லாஃபிராங்கி, மனோகரன் ஆகியோர் 1990இல் இவ்வினங்களின் தொகுப்பை வெளியிட்டனர். சில ஆண்டுகளுக்கொருமுறை மறு கணக்கெடுப்பும் நடந்தது. ஐரோப்பாக் கண்டம் முழுவதும் காணக் கிடைக்காத அளவு மரவகைகள் அரைச் சதுர கிலோமீட்டரில் கிடைத்தன என்பதை எண்ணிப் பார்த்தால், இப்பணியின் அருமை விளங்கும்.

எல்லையைக் கடந்த பன்றி

1990களில் இக்காட்டின் தரைமட்டத்தில் ஒரு மாற்றம் புலனாகியது. இளமரங்கள் ஒடிக்கப்பட்டும் பிடுங்கப்பட்டும் குவியல்களாகக் கிடந்தன. காட்டுப்பன்றி குட்டி ஈனும் முன், இளமரங்களை ஒடித்துக் குவித்துப் படுக்கை அமைக்கும் இயல்புடையது. ஒவ்வொரு படுக்கைக்கும் எண்ணற்ற கன்றுகள் பலியாகும். காலன் இக்ஸ் என்னும் ஆய்வாளர் 1996இல் சதுர கிலோமீட்டருக்கு 47 பன்றிகளும் 1998இல் 27 பன்றிகளும் இருந்ததாக மதிப்பிட்டார். இயற்கைக் காட்டில் எதிர்பார்க்கத்தக்க அளவை இது பெரிதும் விஞ்சியது. புலி, சிறுத்தை போன்ற கொன்றுண்ணிகள் இல்லாமையும், ஆண்டு முழுவதும் கிடைக்கும் செம்பனைப் பழமும் இதற்குக் காரணங்களாகக் கூறப்பட்டன. பன்றி நுழையாதவாறு வேலியிட்ட சிறு நிலத்துண்டுகளில், இரண்டாண்டுகளுக்குள் புதிதாக முளைத்து நின்ற கன்றுகள் வெளியே இருந்தவற்றைப் போல் மூன்று மடங்காயின. வேலியிட்டு ஒப்பிட்ட இவ்வாய்வை நடத்தியோருள் அப்பண்ணாவும் ஒருவர்.

மேத்யூ லஸ்கினும் பிறரும் 2017இல் வெளியிட்ட ஆய்வு இதனை நீண்ட காலப்பரப்பில் வைத்துக் காட்டியது. செம்பனைப் பழத்தின் வரத்தால் பன்றிகள் நூறு மடங்கு பெருகின என்றும், தோட்ட எல்லையிலிருந்து 1.3 கிலோமீட்டருக்கும் அப்பால், கோடரி படாத காட்டின் நடுவில், 24 ஆண்டுகளில் இளமரங்களின் அடர்த்தி 62 விழுக்காடு குறைந்தது என்றும் அவ்வாய்வு கூறுகிறது. மீண்டும் மீண்டும் எண்ணிப் பாதுகாக்கப்பட்ட காட்டின் அடுத்த தலைமுறை, காட்டுக்கு வெளியே உதிர்ந்த பழத்தால் அழிந்தது. சட்டம் வரைந்த எல்லையைப் பன்றி அறியாது.

தினைப்புனத்தில் மேய வந்த பன்றி பல்லியின் ஒலி கேட்டுத் தயங்கித் திரும்பும் காட்சி நற்றிணையில் உண்டு. குறிஞ்சித் திணையில் புனங்காவல் ஒரு தொழில்; காட்டுக்கும் விளைநிலத்துக்கும் நடுவில் எப்போதும் ஒரு மனிதர் நிற்கிறார். பாசோ பற்றிய ஆய்வுகளில் நான் தேடிக் காணாதது அந்த மனிதரைத்தான்.

ஏனெனில் உதிர்ந்த பழம் தரையில் கிடப்பது உழைப்பைப் பற்றிய செய்தியாகும். செம்பனைக் குலை பழுக்கும்போது பழங்கள் உதிரத் தொடங்கும். குலையை வெட்டுபவர் ஒருவர்; உதிரிப்பழம் பொறுக்குபவர் மற்றொருவர், பெரும்பாலும் பெண். அறுவடைச் சுற்று ஏறத்தாழ 10 முதல் 15 நாள்களுக்குள் திரும்ப வேண்டும். ஆள் பற்றாக்குறையால் சுற்று தாமதமானாலோ, பொறுக்குவதற்குரிய கூலி கட்டுப்படியாகாவிட்டாலோ பழம் தரையிலேயே கிடக்கும். அது எலிக்கும் பன்றிக்கும் உணவாகும். எனவே கூலி விகிதமும் தொழிலாளர் இடப்பெயர்வும் பன்றியின் பெருக்கத்தோடு தொடர்புடையனவா என்பது ஆராயத்தக்க வினா. 1980கள் முதல் தோட்டங்களை விட்டுத் தமிழர் நகர்ப்புறங்களுக்குப் பெயர்ந்ததும், வெளிநாட்டுத் தொழிலாளர் அவ்விடத்தை நிரப்பியதும் நாம் நன்கறிந்த செய்திகளே. அவற்றின் சூழலியல் விளைவுகள் மட்டும் நம் கருத்தில் படவில்லை.

வேட்டையும் அவ்வாறே. பழைய இரப்பர்த் தோட்டங்களில் காட்டுப்பன்றிக் கறி அரிதான விருந்தன்று. நாய்களோடு சென்று பன்றி பிடித்தோரைப் பற்றிய கதைகள் தோட்டத்தில் வளர்ந்தோர் பலரிடம் உண்டு. ஓராங் அஸ்லி மக்களுள் தெமுவான் சமூகத்தாரும் பன்றி வேட்டையாடுவோரே. பாசோவைச் சூழ்ந்த நிலத்தில் பெரும்பகுதி பெல்டா குடியேற்றத் திட்டங்களுக்கு உரியது. அங்குக் குடியேறியோர் பெரும்பாலும் மலாய் முஸ்லிம்கள், பன்றியை உண்ணாதவர்கள். ஆகவே ஒரே காட்டின் விளிம்பில் யார் வாழ்கிறார்கள் என்பதைப் பொறுத்து வேட்டையின் அழுத்தம் வேறுபடக்கூடும். தமிழர் வாழ்ந்த தனியார் தோட்டங்களின் அனுபவத்தை அப்படியே பாசோவின் மீது ஏற்றிப் பார்க்க இயலாது. ஒப்பிட்டுப் பார்க்க இயலும்.

முடிவு எவரிடம்?

மலேசியக் கூட்டரசு அமைப்புச் சட்டத்தின் ஒன்பதாம் அட்டவணைப்படி நிலமும் காடும் மாநில அதிகாரத்தைச் சார்ந்தவை. வனவிலங்குப் பாதுகாப்பு கூட்டரசுக்கும் மாநிலத்துக்கும் பொதுவான பட்டியலில் உள்ளது. ஆய்வை நடத்துவது வன ஆராய்ச்சி நிலையம். பன்றியைச் சுட உரிமம் தருவது வனவிலங்குத் துறை; 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டுப்பன்றி உரிமமின்றி வேட்டையாடக் கூடாத விலங்கு. மறுநடவு எப்போது என்பதைத் தீர்மானிப்பது தோட்ட நிர்வாகம். அயல்நாட்டுத் தொழிலாளர் எத்தனை பேர் வரலாம் என்பதைத் தீர்மானிப்பது கூட்டரசு அமைச்சு. பன்றி இவ்வத்தனை அலுவலகங்களையும் ஓரிரவில் கடந்துவிடுகிறது. அலுவலகங்களின் கோப்புகள் கடப்பதில்லை.

2004இல் நிறுவப்பட்ட நிலைபேறான செம்பனை எண்ணெய்க்கான வட்டமேசை அமைப்பும், 2020இல் கட்டாயமாக்கப்பட்ட மலேசிய நிலைபேற்றுச் சான்றிதழும் சமூக விளைவு, சுற்றுச்சூழல் விளைவு இரண்டையும் மதிப்பிடுமாறு தோட்டங்களைக் கேட்கின்றன. இது வரவேற்கத்தக்கது. எனினும் மதிப்பீட்டின் அலகு தோட்டமே. பாசோவின் சேதம் தோட்ட எல்லைக்கு வெளியே நிகழ்ந்தது. அத்தகைய சேதம் இவ்வகை மதிப்பீட்டில் எளிதில் அகப்படாது. தொழிலாளரைப் பற்றிய பகுதியும் வனவிலங்கைப் பற்றிய பகுதியும் ஒன்றையொன்று பார்க்காமல் எழுதப்படுவதற்கும் இடமுண்டு.

மக்களைப் பற்றிய செய்தியை அறிவியலோடு சேர்த்துப் பாராமையின் விலையை இம்மாநிலம் ஒருமுறை மிகக் கடுமையாகச் செலுத்தியுள்ளது. 1998, 1999ஆம் ஆண்டுகளில் பேராக்கிலிருந்து புக்கிட் பெலாண்டோக் பகுதிக்குப் பரவிய மூளைக்காய்ச்சல், கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே முதலில் கொள்ளப்பட்டது. தடுப்பூசியும் கொசுப்புகையும் பயன்படுத்தப்பட்டன. நோயுற்றோர் பெரும்பாலும் பன்றிகளோடு நேரடியாக வேலை செய்த வளர்ந்த ஆண்கள்; தடுப்பூசி போட்டோரும் நோயுற்றனர். ஜப்பானிய மூளைக்காய்ச்சலோ பெரும்பாலும் சிறுவரைத் தாக்குவது. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் சுவா காவ் பிங் புதிய வைரசைக் கண்டறிந்தார். சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரால் அது நிப்பா எனப்பட்டது. நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர்; பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன. பழந்தின்னி வௌவால்களே அவ்வைரசின் இயற்கை இருப்பிடம் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. யார் நோயுறுகிறார், அவர் செய்யும் வேலை என்ன என்ற எளிய சமூகவியல் வினாவே முதல் விளக்கத்தை ஐயுறச் செய்தது என்பது கவனத்திற்குரியது.

பாசோவைப் பற்றிய எண்களையும் காலத்தோடு சேர்த்தே படிக்க வேண்டும். 2021இல் சபாவிலும் பின்னர்த் தீபகற்பத்திலும் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் கண்டறியப்பட்டபின், 1990களின் எண்ணிக்கையைக் கொண்டு இன்றைய முடிவை எடுத்தல் பொருந்தாது. பன்றி பெருகியபோது தோட்டத்தில் என்ன நடந்தது, குறைந்தபோது என்ன நடந்தது என்ற இரண்டையும் அறிந்தோரின் நினைவு இதனால் மேலும் மதிப்புப் பெறுகிறது.

செம்பனை ஏறத்தாழ 25 ஆண்டுகளில் வெட்டி மறுநடவு செய்யப்படும். புதுக்கன்று பழம் தர மூன்றாண்டு அளவாகும். காட்டை ஒட்டிய நிலங்களை ஒரே ஆண்டில் மறுநடவு செய்தால் பன்றிக்குப் பழம் அறுபடும். காடு மூச்சுவிட ஓர் இடைவெளி கிடைக்கக்கூடும். பட்டினியால் அது காட்டையே மேலும் கிளறவும் கூடும். இவற்றுள் எது நடந்தது என்பதை, காட்டோரத் தோட்டங்களில் மறுநடவைக் கண்ணால் கண்டவர்கள் சொல்ல இயலும். அவர்களுட் பலர் இப்போது பகாவிலும் சிரம்பானிலும் உள்ள வீடமைப்புப் பகுதிகளில் வாழும் முதியவர்கள். கெர்பி, கெடிஸ், சுவா பெத்தோங் எனத் தோட்டப் பெயர்களைத் தாங்கிய தமிழ்ப்பள்ளிகளின் ஆசிரியர்கள் இவர்களை எளிதில் அணுகலாம். தோட்ட வரலாறு எழுதும் நம் மாணவர்களின் வினாநிரல்கள் பலவற்றை நான் பார்த்துள்ளேன். எந்த ஆண்டில் வந்தீர்கள், கங்காணி யார், கோயிலை யார் கட்டினார் என்ற வினாக்கள் அவற்றில் உண்டு. மரங்களை வெட்டி மறுநடவு செய்த ஆண்டுகளில் பன்றிகள் எங்கே போயின என்ற வினாவை எதிலும் நான் கண்டதில்லை.