சுவர்க்கோழியும் சாம்ராஜ்யமும்

பௌர்ணமி அல்லாத ஓர் இரவில் அடி அண்ணாமலைக்குப் போய்ப் பார்க்க வேண்டும். பௌர்ணமியன்று போனால் கிரிவலம் வரும் ஜனசமுத்திரத்தைத்தான் பார்க்கலாம். மலையைப் பார்க்க முடியாது. மற்ற நாட்களில், 14 கிலோமீட்டர் பாதையில் பாதிக்கு மேல் நடந்து மேற்குப் பக்கம் வந்துவிட்டால், மலை நம்மோடு தனியாக இருக்கும். ஆதி அருணாசலேசுவரர் கோயிலில் நடை சாத்தியிருப்பார்கள். மாணிக்கவாசகர் இங்கே தங்கித் திருவெம்பாவை பாடினார் என்பது ஊரார் போற்றிவரும் செய்தி. அவர் காலத்திலிருந்து இன்றுவரை ஓயாத பாட்டு ஒன்று அங்கே உண்டு. அது சுவர்க்கோழியின் பாட்டு.

சென்ற ஐப்பசியில் அந்தக் கோயில் மதிலோரம் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். என் வலக்கை ஆள்காட்டி விரல் தானாக மடங்கிக்கொண்டது. அதற்குக் காரணம் உண்டு.

என் பிள்ளைப் பருவத்தில் விடுமுறை நாட்களை அந்த ஊரில்தான் கழித்தேன். அங்கே என் வயதுப் பையன்கள் எல்லோரும் பொன்வண்டு வளர்த்தார்கள். தீப்பெட்டியில் வேலந்தழை போட்டு, அதில் பச்சையும் பொன்னுமாக மின்னும் வண்டை வைப்பார்கள். அரிசி மணி போல அது முட்டையிட்டால் ஊரெல்லாம் காட்டி வருவார்கள். எனக்கு மட்டும் புத்தி வேறு விதமாகப் போயிற்று. மணிலாக் கொல்லையில் வளை தோண்டி வாழும் பெரிய சுவர்க்கோழி ஒன்றைத் தண்ணீர் ஊற்றி வெளியேற்றிப் பிடித்தேன். பழுப்பு நிறம், கட்டைவிரல் பருமன், பெரிய மண்டை. ஒரு டப்பாவின் மூடியில் ஆணியால் துளை போட்டு அதற்குள் குடியேற்றினேன். முதல் நாளே அது என் ஆள்காட்டி விரலின் நகக்கண்ணில் கடித்து ரத்தம் காட்டிவிட்டது.

"வாயில்லாப் பூச்சின்னு நெனச்சியாடா? அந்தப் பாட்டுப் பாடற வாயி கடிக்காதா?" என்றாள் ஆயா. எங்கள் பக்கத்தில் பாட்டியை அப்படித்தான் அழைப்போம்.

ஆயா சொன்னதில் ஒரு சிறு பிழை இருந்தது. சுவர்க்கோழி வாயால் பாடுவதில்லை. முன் சிறகுகளில் ஒன்றை ஒன்றின்மேல் உரசிப் பாடுகிறது. பாடுவது ஆண் மட்டுமே. கேட்கும் காதுகளோ முன்னங்கால்களில் இருக்கின்றன! பாடுவதற்கு ஒரு கருவி, கடிப்பதற்கு இன்னொரு கருவி என்று இயற்கை தனித்தனியே கொடுத்திருக்கிறது. இந்த இரண்டில் மனிதன் எதை விரும்பினான் என்பதைச் சொல்லும் சரித்திரம் சீன தேசத்தில் இருக்கிறது.

அங்கே முதலில் விரும்பியது பாட்டைத்தான். கி.பி. 712 முதல் 756 வரை ஆண்ட தாங் வம்சத்து சக்கரவர்த்தி ஷுவான்சோங்கின் அந்தப்புரத்தில், இலையுதிர்காலம் வந்ததும், பெண்கள் சுவர்க்கோழிகளைப் பிடித்துச் சிறிய பொற்கூண்டுகளில் அடைத்துத் தலையணை அருகே வைத்துக்கொண்டு இரவெல்லாம் கேட்பார்களாம். ஆயிரக்கணக்கான பெண்கள், ஒரே ஓர் அரசன். பொற்கூண்டுக்குள் இருந்தவள், தன் கையில் இன்னொரு பொற்கூண்டை வைத்துக்கொண்டு தூங்காமல் கிடந்திருக்கிறாள். அரண்மனையைப் பார்த்து ஊராரும் அந்த வழக்கத்தைப் பின்பற்றினார்கள்.

பிற்பாடு வந்த சோங் வம்சத்தின் காலத்தில் காது போய் வாய் வந்தது. இரண்டு ஆண் பூச்சிகளை ஒரு கலத்தில் விட்டால் அவை சண்டையிடும் என்பதைக் கண்டுகொண்டார்கள். முதலில் மீசையால் மீசையைத் தட்டிப் பார்க்கும். பிறகு தாடைகளை விரிக்கும். பிறகு கவ்விப் புரட்டும். வென்றது நின்று பாடும்; தோற்றது வாய் திறவாமல் ஓடும். இதற்கென்று ஒரு சாஸ்திரமே வளர்ந்தது. வெயில் காலத்துக்கு மண்பானை. குளிர் காலத்துக்குச் சுரைக்குடுக்கை. சூடு கொடுப்பதற்காகக் குடுக்கையை மார்புச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு திரிவார்கள். சண்டைக்கு முன் சின்னத் தராசில் நிறுத்துச் சம எடை பார்ப்பார்கள். எலி மீசையைக் கோலில் செருகி, அதனால் வருடிக் கோபமூட்டுவார்கள். புகழ் பெற்ற வீரன் செத்துப் போனால் வெள்ளியில் சிறு சவப்பெட்டி செய்து அடக்கம் செய்ததும் உண்டு. 1927-ல் சிக்காகோ பொருட்காட்சிசாலைக்காக பெர்த்தோல்ட் லாஃபர் எழுதிய சிறு நூலில் இவற்றையெல்லாம் விரிவாகப் படிக்கலாம்.

இந்த விளையாட்டின் மகா ரசிகர் ஜியா ஸுதாவ் என்ற மந்திரி. சகோதரி அரசனின் அன்புக்குரிய ராணியானாள். அந்தப் படியில் ஏறித் தம்பி முதன்மந்திரியானார். ஹாங்சௌ நகரத்து மேற்கு ஏரிக் கரையில் அவருக்கு மாளிகை. சுவர்க்கோழியின் இலக்கணம் சொல்லும் ஒரு நூலும் அவர் பெயரில் வழங்குகிறது. கி.பி. 1268-ல் குப்ளாய் கானின் படை ஷியாங்யாங் கோட்டையை முற்றுகையிட்டது. கோட்டைக்காரர்கள் ஐந்து வருஷம் தாக்குப் பிடித்தார்கள். அந்த நாட்களில் ஒருமுறை மந்திரியார், தம் நாயகிகளோடு தரையில் குந்திச் சுவர்க்கோழிச் சண்டை பார்த்துக்கொண்டிருந்தாராம். உள்ளே வந்த நண்பர், "ராஜாங்கத்தின் முக்கிய காரியம் இதுதானோ?" என்று கேலியாகக் கேட்டதாக சோங் வம்ச சரித்திரம் சொல்கிறது. 1273-ல் கோட்டை விழுந்தது. 1275-ல் மந்திரியே படை நடத்திச் சென்று தோற்றார், நாடு கடத்தப்பட்டார், காவலுக்கு வந்தவனே அவரைக் கொன்றான். 1276-ல் ஹாங்சௌ சரணடைந்தது. 1279-ல் வம்சமே முடிந்தது.

ஒரு பூச்சி ஒரு சாம்ராஜ்யத்தைத் தின்றுவிட்டது என்று கதை முடிப்பது சுலபம். கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கே அந்த முடிவில் சந்தேகம் வருகிறது. மங்கோலியர் முன்னால் சுவர்க்கோழியைப் பார்த்தே இராத அரசுகளும்தான் விழுந்தன. மேலும் இதே ஜியா ஸுதாவ் 1263-ல், பெரிய நிலச்சுவான்தார்களின் நிலத்தில் ஒரு பகுதியை அரசாங்கமே எடுத்துக்கொள்ள ஒரு சட்டம் கொண்டுவந்தார். கொடுத்த விலையோ பெயரளவுக்குத்தான். நிலம் இழந்த குடும்பங்கள்தாம் படித்த குடும்பங்கள். எழுதுகோலும் அவர்கள் கையில்தான் இருந்தது. தோற்றவனைப் பற்றி எழுதும்போது அவன் பூச்சி வளர்த்தது எவ்வளவு வசதியாகக் கிடைத்திருக்கும்!

எனவே மந்திரியின் கதையைவிட என்னைக் கலக்குவது சாமானியர்களின் கதை. மிங் வம்சத்து ஷுவாந்தே சக்கரவர்த்தி 1425 முதல் 1435 வரை ஆண்டவர், நல்ல ஓவியர், நல்ல அரசர் என்றே பெயர். அவருக்கும் சுவர்க்கோழிப் பித்து. 1434-ல், ஆயிரம் பூச்சிகள் சேகரிக்க உதவும்படி சூசௌ நகரத்து அதிகாரிக்கு உத்தரவு போயிற்று. அந்த ஊரில் தானிய வரி வசூலித்து வந்த ஒருவர், தாம் ஏறி வந்த குதிரையைக் கொடுத்து ஓர் அருமையான பூச்சியை வாங்கினாராம். குதிரைக்கு ஈடான பூச்சி எப்படியிருக்கும் என்று மனைவி ஆசையாய் மூடியைத் திறந்தாள். அது துள்ளி ஓடிவிட்டது. பயத்தில் அவள் தூக்கிட்டுக்கொண்டாள். வீடு திரும்பிய கணவனும் அவ்வாறே செய்துகொண்டான்.

இந்தச் சம்பவத்தின் சாயலை, 1640-ல் பிறந்த பூ சோங்லிங் என்ற கதாசிரியர் ஒரு சிறுகதையில் தீட்டியிருக்கிறார். அதில் பூச்சியைத் தவறவிடுபவன் ஒன்பது வயதுப் பையன். அவன் கிணற்றில் விழுகிறான். உயிர் ஊசலாடிக்கொண்டிருக்கையில் அவனுடைய ஆவி ஒரு சிறு சுவர்க்கோழியாகி, அப்பாவுக்காகச் சண்டை போடுகிறது. கொத்த வந்த சேவலின் கொண்டையில் ஏறி உட்கார்ந்து, விடாமல் கடிக்கிறது! அரசன் மகிழ்கிறான், குடும்பம் வாழ்கிறது. வாசகனுக்கு மட்டும் நெஞ்சு அடைக்கிறது.

சேவலோடு மோதிய அந்தப் பூச்சிக்கு நாம் 'கோழி' என்றே பெயர் வைத்திருப்பது ஓர் ஆச்சரியம். சுவரில் இருந்து கூவுவதால் சுவர்க்கோழி. நம்மவர்கள் அதைக் கூவ மட்டும் விட்டார்கள். மோத விட்டது நிஜக் கோழியைத்தான். விழுப்புரம் பக்கத்து அரசலாபுரத்தில் ஒரு சண்டைக்கோழிக்கு நட்ட வீரக்கல் சுமார் ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளாக நிற்கிறது. எங்கள் திருவண்ணாமலைச் சீமையிலேயே, எடுத்தனூரில், மகேந்திரவர்மன் காலத்துக் கல் ஒன்று உண்டு. மாண்ட வீரனின் அருகில் அவன் நாய் நிற்கிறது. கோவிவன் என்பது அதன் பெயர். அது கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்றதாம். ஆகவே வெள்ளிச் சவப்பெட்டியைப் பார்த்துச் சிரிக்க நமக்கு உரிமை இல்லை. ஆனால் ஒன்று: கோவிவன் தன் எஜமானுக்காகக் கடித்தது. கோழியும் சுவர்க்கோழியும் எஜமானின் பந்தயத்துக்காகக் கடித்தன.

பந்தயம் என்றதும் மறுபடியும் என் டப்பாவுக்குத்தான் வரவேண்டியிருக்கிறது.

என்னைப் பார்த்து எதிர்வீட்டுச் சிநேகிதனும் ஒரு சுவர்க்கோழி பிடித்தான். மோத விட்டோம். நான் பந்தயமாக வைத்தது ஓர் எட்டணா. அவன் வைத்தது தன் தீப்பெட்டியை. பொன்வண்டும் பதினொரு முட்டைகளும் அதில் இருந்தன. நொடியில் முடிந்துவிட்டது. என் பூச்சி பாடிற்று. அவன் ஒன்றும் சொல்லாமல் தீப்பெட்டியை என் கையில் வைத்துவிட்டுப் போனான். வெற்றி மயக்கத்தில் வண்டுக்குத் தழை போட மறந்தேன். நாலாம் நாள் அது கால்களை மடக்கிக் கிடந்தது.

தோற்ற சுவர்க்கோழி ஒரு நாள் முழுதும் சண்டைக்கு வராது. சீனர்கள் அதற்கு வைத்தியம் கண்டுபிடித்தார்கள். கையில் வைத்துக் குலுக்கி, சில தடவை மேலே தூக்கிப் போட்டுப் பிடித்தால் அதற்கு மீண்டும் ரோஷம் வந்துவிடும். இது மூடநம்பிக்கை அல்ல. ஹாஃப்மன், ஸ்டீவன்சன் என்ற இரு விஞ்ஞானிகள் 2000-ல் இதைச் சோதித்து, தோற்ற பூச்சியைச் சற்றே பறக்கவிட்டால் தோல்வியை மறந்து மறுபடி மோதுகிறது என்று காட்டினார்கள்.

மனிதனுக்கு அந்த வைத்தியம் பலிப்பதில்லை. சிநேகிதன் பிறகு என்னோடு பேசவில்லை. அடுத்த விடுமுறைக்கு நான் போனபோது அவன் வீடு பூட்டிக் கிடந்தது. கட்டட வேலைக்காகக் குடும்பத்தோடு பெங்களூர் போய்விட்டார்கள் என்றாள் ஆயா. தோற்றவன் மறந்தானோ, அறியேன். வென்றவன் மறக்கவில்லை.

மதிலோரம் அந்தப் பாட்டு நின்று, மறுபடி தொடங்கிற்று. பிடிக்க வேண்டும் என்று தோன்றவில்லை. விரலை நீட்டி வைத்துக்கொண்டு, அது ஓயும்வரை கேட்டுவிட்டு எழுந்தேன்.